கேமரா வாங்கும் முன் கட் பண்ணப் பழகுங்கள்!

"அண்ணா, குறும்படம் எடுக்கணும். எந்த கேமரா வாங்கலாம்?"

திருத்தணியில் கல்யாண வீடியோ எடுத்து, மிக்ஸிங் செய்து பிழைப்பவன் நான். மாதத்துக்கு இரண்டு மூன்று மாணவர்களாவது இந்தக் கேள்வியோடு என் கடைப் படியேறி விடுகிறார்கள். விஸ்காம் படிப்பவர்கள், இன்ஜினியரிங் படித்துக் கொண்டே சினிமா கனவு காண்பவர்கள், சில நேரம் நகரி, புத்தூர் பக்கமிருந்து வரும் தெலுங்குப் பையன்கள் என்று எல்லாரும் கேட்பது இதைத்தான். எந்த எடிட்டிங் சாப்ட்வேரில் பழகலாம் என்றோ, ஒரு காட்சியை எத்தனை ஷாட்டாகப் பிரிக்க வேண்டும் என்றோ கேட்டு வந்தவர்கள் மிகவும் குறைவு.

என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். குறும்படம் எடுக்க நினைக்கும் மாணவர் முதல் ஆறு மாதத்துக்கு கேமரா வாங்கவே கூடாது. கையில் இருக்கும் செல்போனில் எடுத்து, வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டிப் பழக வேண்டும். காரணம் பணம் மட்டுமல்ல. எடிட்டிங் டேபிளில் உட்கார்ந்து அடிபட்டவருக்குத்தான் கேமராவை எங்கே வைக்க வேண்டும் என்பது தெரியும்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், அதற்கு ஒரு மொட்டைதான் காரணம்.

ஒரே ஒரு முறை நடக்கும் காட்சி

சில ஆண்டுகளுக்கு முன் விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவன் வந்தான். அப்பா பவர்லூம் ஓட்டுபவர். அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் மொட்டை போட்டுக் கொள்வதாக அப்பா முருகனிடம் வேண்டிக் கொண்டிருந்தார். அந்த வேண்டுதல் நிறைவேறும் நாளையே குறும்படமாக எடுக்க பையன் முடிவு செய்தான். தவணையில் புது கேமராவும் வாங்கியிருந்தான். அனுமதி கேட்டு, அப்பா படியேறுவது, மொட்டை போட்டுக் கொள்வது, சந்தனம் பூசுவது என்று எல்லாவற்றையும் எடுத்து வந்தான்.

மெமரி கார்டில் இருந்ததை கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். தெளிவு பிரமாதம். ஒவ்வொரு ஷாட்டும் தனித்தனியாகப் பார்த்தால் அழகுதான். ஆனால் இரண்டு ஷாட்டைச் சேர்த்து வைத்தால் ஒட்டவில்லை.

படியில் அப்பா ஒரு ஷாட்டில் இடமிருந்து வலமாகப் போகிறார். அடுத்ததில் வலமிருந்து இடமாகப் போகிறார். மொட்டை போடும்போது பையன் அவரைச் சுற்றிச் சுற்றி வந்து எடுத்திருக்கிறான். ஒரு ஷாட்டில் பாதித் தலை, அடுத்த ஷாட்டில் முழு மொட்டை. நடுவில் வைக்க எதுவும் இல்லை. ஒவ்வொரு ஷாட்டையும் முக்கியமான செயல் முடிந்த அந்த நொடியிலேயே நிறுத்தி விட்டான்.

"உங்க சாப்ட்வேர்ல இதை சரி பண்ண முடியாதா அண்ணா?" என்று கேட்டான்.

"தம்பி, கன்ட்ரோல் இசட் டைம்லைன்லதான் வேலை செய்யும். உங்க அப்பா தலையில முடி திரும்ப வராதே" என்றேன். சொன்ன பிறகு ஏன் சொன்னோம் என்று இருந்தது. பையனின் முகம் அப்படி வாடி விட்டது.

கடைசியில் அந்தப் படத்தைக் காப்பாற்றியது அவன் அழிக்க நினைத்த ஒரு பைல். கேமராவை நிறுத்த மறந்து பெஞ்சின் மேல் வைத்திருக்கிறான். தரையில் விழுந்து கிடக்கும் முடி, பித்தளைச் சொம்பில் தண்ணீர், ஓரமாக உட்கார்ந்து கணவரையே பார்த்துக் கொண்டிருக்கும் அம்மா என்று 40 வினாடி ஓடுகிறது. அதை மூன்று துண்டாக வெட்டி பாதி மொட்டைக்கும் முழு மொட்டைக்கும் நடுவில் வைத்தோம். தாவல் மறைந்து விட்டது. அதோடு படத்துக்கு இல்லாத ஒரு உயிரும் வந்தது. அந்த அம்மாவுக்காகத்தான் அப்பா தலையைக் கொடுத்துக் கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் பார்ப்பவருக்குப் புரிகிறது.

இப்படி நடுவில் செருகும் ஷாட்டுக்கு கட்-அவே என்று பெயர். அதை முன்கூட்டியே திட்டமிட்டு எடுப்பவர்தான் ஒளிப்பதிவு தெரிந்தவர். தற்செயலாகக் கிடைத்தால் அது முருகன் அருள். எல்லா முறையும் அது கிடைக்காது.

படிக்கட்டு கற்றுத் தரும் பாடம்

தொடர்ச்சி என்பதை விளக்க நம்ம ஊர் மலையை விட நல்ல வகுப்பறை இல்லை. திருத்தணி கோயிலுக்கு ஆண்டின் நாட்களைக் குறிக்கும் 365 படிகள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒருவர் படியேறுவதை எடுக்கிறீர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். அவர் நடக்கும் பாதையை ஒரு கோடாக நினையுங்கள். அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கத்தில் நின்று எத்தனை ஷாட் எடுத்தாலும் அவர் திரையில் ஒரே திசையில்தான் போவார். கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் ஒரு ஷாட் எடுத்தால் திசை மாறி விடும். வைட் ஷாட்டில் படிகள் தெரிவதால் ஓரளவு சமாளிக்கலாம். கால் மட்டும் தெரியும் குளோசப்பிலோ முகம் மட்டும் தெரியும் குளோசப்பிலோ, "மேலே போனவர் ஏன் திரும்பி வருகிறார்?" என்று பார்ப்பவர் குழம்புவார். இதுதான் 180 டிகிரி விதி.

கோட்டைத் தாண்டவே கூடாதா? தாண்டலாம். நடுவில் நேர் எதிரிலிருந்தோ நேர் பின்னாலிருந்தோ ஒரு ஷாட் வையுங்கள். அதற்கு இடம், வலம் என்ற திசை கிடையாது. அதன் பிறகு மறுபக்கம் போனால் யாரும் குழம்ப மாட்டார்கள்.

கல்யாண வீடியோக்காரர்களான எங்களுக்கு இந்த விதி தெரியாமலேயே பல ஆண்டு ஓடியது. ஆனாலும் தப்பு அதிகம் நடக்கவில்லை. ஏன் தெரியுமா? மணவறைக்குப் பின்னால் அலங்காரத் தட்டி இருக்கும். கேமரா அந்தப் பக்கம் போகவே முடியாது. மணவறைதான் எங்களுக்கு விதியைக் காப்பாற்றிக் கொடுத்தது. இன்று கிம்பல் வந்து விட்டது. கையில் எடுத்துக் கொண்டு எந்தப் பக்கமும் சுற்றலாம். சுதந்திரம் கூடியது போலவே குழப்பமும் கூடி விட்டது.

அடுத்தது வெயில். காலை 7 மணிக்குக் கீழ்ப் படியில் எடுத்த ஷாட்டையும் 11 மணிக்கு மேல்படியில் எடுத்த ஷாட்டையும் சேர்த்துப் பாருங்கள். நிழல் காட்டிக் கொடுத்து விடும். செல்போன் இன்னொரு வேலையும் செய்யும். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் குறுக்கே போனால் வெளிச்சத்தைத் தானாகக் குறைக்கும், அவர் போனதும் கூட்டும். திரையில் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரையும் போகஸையும் பூட்டி விட்டு எடுங்கள்.

டியூப் லைட் இருக்கும் அறையில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு வினாடிக்கு 100 முறை மினுங்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் இது போய் விடும். போனில் இந்த வசதி இல்லாவிட்டால் பிளாக்மேஜிக் கேமரா போன்ற இலவச ஆப் போட்டுக் கொள்ளலாம். முடிந்தால் வினாடிக்கு 25 பிரேம் வைத்து எடுங்கள்.

முன்பு இருந்த பயம்

நாங்கள் தொழில் கற்றபோது இரண்டு டெக்கை வைத்து டேப்பிலிருந்து டேப்புக்கு ஏற்றித்தான் மிக்ஸிங். நடுவில் ஒரு ஷாட்டைச் சேர்க்க மறந்தால் அங்கிருந்து மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். பிறகு மினி டிவி கேசட் வந்தது. ஒரு மணி நேர கேசட்டை கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும். ஹார்ட் டிஸ்க்கில் 13 ஜிபி போய் விடும். அன்றைக்கு மொத்த டிஸ்க்கே 40 ஜிபிதான். அதனால் எதை எடுப்பது, எதை விடுவது என்று யோசித்துத்தான் பட்டனை அழுத்தினோம். 2000-ல் விண்டோஸ் மில்லினியம் எடிஷனோடு மூவி மேக்கர் வந்தபோது, வீட்டிலேயே எடிட்டிங் செய்யலாம் என்பதே பெரிய அதிசயம்.

இன்று அந்தப் பயம் இல்லை. அது நல்லதுதான். ஆனால் பயத்தோடு சேர்த்து யோசிப்பதையும் விட்டு விட்டோமோ என்பதுதான் என் கவலை. நாலு மணி நேரத்துக்கு எடுத்து வருகிறார்கள். அதில் ஒட்டக்கூடிய நாலு நிமிடம் இல்லை.

"ரீல்ஸ் காலத்தில் இது எதற்கு?"

இந்தக் கட்டுரையைப் படிக்கும் இளைஞர்கள் இதைத்தான் கேட்பீர்கள். ரீல்ஸில் ஷாட் தாவுகிறது, திசை மாறுகிறது, லட்சக்கணக்கில் பார்க்கிறார்களே என்பீர்கள். நியாயமான கேள்விதான். முப்பது வினாடிக்கு, பாட்டின் தாளத்துக்கு வெட்டும்போது தாவல் ஒரு குற்றமே இல்லை. ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒரு மனிதரின் கதையைப் பின்தொடரச் சொல்லும்போது, பார்ப்பவர் "இவர் எங்கே நிற்கிறார், யாரைப் பார்க்கிறார்?" என்று தேடக் கூடாது. தேடும் அந்த இரண்டு வினாடியில் கதை கையை விட்டுப் போய் விடும்.

இன்னும் கொஞ்சம் படித்தவர்கள் வால்டர் மர்ச்சை மேற்கோள் காட்டுவார்கள். அமெரிக்காவின் புகழ்பெற்ற எடிட்டரான அவர், ஒரு நல்ல கட்டுக்கு ஆறு அளவுகோல் சொல்லி மதிப்பெண்ணும் கொடுத்திருக்கிறார். உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23, தாளத்துக்கு 10, கண் போகும் இடத்துக்கு 7, திரையின் தளத்துக்கு 5, முப்பரிமாண இடத் தொடர்ச்சிக்கு வெறும் 4. "பார்த்தீர்களா, தொடர்ச்சிக்கு 4 மார்க்தான்!" என்கிறார்கள். மர்ச் சொல்வது வேறு. எதையாவது இழந்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் எதை முதலில் விடலாம் என்பதற்கான வரிசை அது. இழக்கும் முன் கையில் ஆறும் இருக்க வேண்டும் அல்லவா? மொட்டைப் படத்தில் எங்களுக்கு அந்தத் தேர்வே இல்லை. இருந்ததை வைத்து ஒப்பேற்றினோம்.

எல்லா மீறலும் தப்பு என்று நான் சொல்லவில்லை. விதி தெரிந்து மீறுபவரின் கட் ஒரு அதிர்ச்சியைத் தரும். தெரியாமல் மீறுபவரின் கட் ஒரு பிழையாகத் தெரியும். பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் உடனே தெரிந்து விடும். பெயர் சொல்லத்தான் தெரியாது.

தமிழே தெரியாமல் எடுத்த தமிழ்ப் படங்கள்

நம் சினிமா வரலாற்றிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் கலிபோர்னியாவில் சினிமா படித்து விட்டு இங்கே வந்தார். 1936-ல் அவர் இயக்கிய சதி லீலாவதிதான் எம்.ஜி.ஆரின் முதல் படம். பிறகு 1945-ல் மீரா, 1950-ல் மந்திரி குமாரி. இத்தனைக்கும் அவருக்குத் தமிழ் தெரியாது. ஷாட்டும் கட்டும் ஒரு தனி மொழி என்பதற்கு இதை விட என்ன ஆதாரம் வேண்டும்? 1960 ஏப்ரல் 1-ல்தான் ஆந்திராவிலிருந்து தமிழகத்துக்கு வந்த ஊர் எங்களுடையது. கடைத்தெருவில் இரண்டு மொழியும் கலந்தே ஒலிக்கும். என் கடைக்கு வரும் தமிழ்ப் பையனும் தெலுங்குப் பையனும் பேச்சில் தடுமாறினாலும் டைம்லைனைப் பார்த்து ஒரே இடத்தில் "இங்க கட்!" என்கிறார்கள்.

பாலுமகேந்திராவை எடுத்துக் கொள்ளுங்கள். மட்டக்களப்பிலிருந்து வந்து புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர். தன் படங்களுக்குத் தானே கேமரா பிடித்து, தானே எடிட்டிங்கும் செய்தார். வீடு படத்தைப் பாருங்கள். எடுக்கும்போதே எங்கே வெட்டப் போகிறோம் என்பது தெரிந்த கை அது. கலைஞர் தொலைக்காட்சியின் நாளைய இயக்குநர் நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்தவர்களில் கார்த்திக் சுப்புராஜ் 2012-ல் பீட்சா எடுத்தார். நலன் குமரசாமி 2013-ல் சூது கவ்வும் எடுத்தார். அல்போன்ஸ் புத்திரன் நேரம், பிரேமம் இரண்டையும் இயக்கியதோடு எடிட்டிங்கும் செய்தார். குறும்படம் இவர்களுக்கெல்லாம் பயிற்சிக் களமாக இருந்தது. பயிற்சி என்றால் தப்பு செய்து, அந்தத் தப்பைத் தானே உட்கார்ந்து வெட்டிப் பார்ப்பது.

வீட்டு கம்ப்யூட்டரே போதும்

பழைய கம்ப்யூட்டர்தான் இருக்கிறது என்று தயங்க வேண்டாம். 2011-ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் பல வீடுகளில் பரண் மேல் கிடக்கிறது. அதில் ஷாட்கட் அல்லது கேடென்லைவ் போடுங்கள். இரண்டும் இலவசம். வீடியோ தடுமாறினால் பிராக்ஸி வசதியை ஆன் செய்யுங்கள். பெரிய பைலுக்குப் பதில் சிறிய நகலை வைத்து வெட்டலாம். கடைசியில் அசல் பைலிலிருந்தே படம் வெளியாகும். விண்டோஸ் 11 இருந்தால் கிளிப்சாம்ப் கூடவே வருகிறது. 16 ஜிபி ராமும் நல்ல கிராபிக்ஸ் கார்டும் இருப்பவர்கள் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்புக்குப் போகலாம்.

ஒரு எச்சரிக்கை. செல்போன் வீடியோவில் பிரேம் வேகம் சீராக இருக்காது. எடிட்டிங்கில் போகப் போக உதடு ஒரு பக்கமும் ஒலி ஒரு பக்கமும் போய் விடும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாப்ட்வேரில் கான்ஸ்டன்ட் பிரேம் ரேட் என்பதைத் தேர்வு செய்து மாற்றி விட்டு வேலையை ஆரம்பியுங்கள். பைல்களை நாள், காட்சி வாரியாக போல்டர் போட்டு, இன்னொரு டிஸ்க்கிலும் காப்பி எடுத்து வையுங்கள்.

இனி பயிற்சி. வசனமே இல்லாத ஒரு நிமிடப் படம். ஒருவர் படியேறுகிறார், பை கீழே விழுகிறது, பின்னால் வருபவர் எடுத்துக் கொடுக்கிறார். அவ்வளவுதான். மொட்டை மாடிப் படிக்கட்டே போதும். முழுச் செயலையும் ஒரு வைட் ஷாட்டில் எடுங்கள். பிறகு அதையே இன்னொரு முறை நடிக்க வைத்து நெருக்கமாக எடுங்கள். கால், பை, திரும்பும் முகம், நீட்டும் கை என்று தனித்தனி குளோசப். எந்தக் கையில் பை என்பதை நோட்டில் எழுதுங்கள். செயல் தொடங்கும் முன் 5 வினாடி, முடிந்த பின் 5 வினாடி கேமரா ஓடட்டும். யாரும் பேசாத ஒலியை அரை நிமிடம் தனியாகப் பதிவு செய்யுங்கள். ஷாட்டுக்கு ஷாட் ஒலி மாறுவதை அது மூடி விடும்.

கம்ப்யூட்டரில் போட்டு வெட்டும்போது, குனியும் செயலின் நடுவில் வைட்டிலிருந்து குளோசப்புக்குத் தாவுங்கள். அசைவு இருக்கும் இடத்தில் கட் கண்ணுக்குத் தெரியாது. ஒட்டவில்லையா? சாப்ட்வேரில் எபெக்ட் தேடாதீர்கள். மறு நாள் போய் அந்த ஷாட்டை மட்டும் மறுபடி எடுங்கள். இப்படிப் பத்து முறை செய்தவருக்கு எந்தப் புத்தகமும் வேண்டாம்.

கல்லூரிகளிடம் ஒரு கோரிக்கை

என்னிடம் வரும் மாணவர்களிடம் விசாரித்தால், படம் எடுத்துக் கொடுத்ததற்கு மார்க் உண்டு என்கிறார்கள். ஒரே காட்சியை எல்லாருக்கும் கொடுத்து, வெட்டச் சொல்லி, யார் வெட்டியது ஏன் நன்றாக இருக்கிறது என்று வகுப்பில் உட்கார்ந்து பேசியது குறைவு என்கிறார்கள். கம்ப்யூட்டர் லேப் இல்லாத கல்லூரி இல்லை. மாலையில் இரண்டு மணி நேரம் திறந்து விட்டு, இலவச சாப்ட்வேரைப் போட்டுக் கொடுத்தால் செலவு மின்சாரம் மட்டும்தான். தவணையில் கேமரா வாங்கும் பவர்லூம் வீட்டுப் பையனுக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

அந்தத் தம்பி கேமராவின் கடைசித் தவணையைக் கட்டி முடித்ததும் என்னைப் பார்க்க வந்தான். இப்போது கல்யாண சீசனில் எனக்கு உதவியாக வருகிறான். தாலி கட்டும் முன்பே பந்தலில் இருக்கும் பாட்டியின் முகம், தவில்காரர் விரல், ஓரத்தில் தூங்கும் குழந்தை என்று பத்து கட்-அவே எடுத்து வைத்து விடுகிறான். நான் சொல்லிக் கொடுத்ததல்ல. பெஞ்சின் மேல் மறந்து வைத்த கேமரா சொல்லிக் கொடுத்தது.

கேமரா வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பத்து ஒரு நிமிடப் படங்களை வெட்டி முடித்து விட்டு வாருங்கள். அதன் பிறகு எந்த கேமரா வாங்க வேண்டும் என்று நீங்களே எனக்குச் சொல்வீர்கள்.